மாடி வீட்டில் மெதுவாகப் பேசியவள்

பெங்களூர் போகும் வழியில் இருக்கிற மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் ஐந்து வருடமாகக் குடியிருப்பவள் டெல்பின். ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. வாடகைக்கு விட்டவள் நான்தான் என்பதால் அந்த வீட்டைப் பற்றி அதற்கு மேல் குறை சொல்ல மாட்டேன்.

பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. எந்த லாரி எங்கே நிற்கிறது, சரக்கு எப்போது போய்ச் சேரும் என்று வாடிக்கையாளர்களுக்குப் போனில் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். அவள் புருஷன் எபினேசருக்கு சிப்காட்டில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் நிரந்தரமாக இரவு ஷிப்ட். அவர் ஏழு மணிக்கே கிளம்பிப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதுதான் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கலாம். நீங்கள் கல்யாணம் ஆனவர்கள்தானா என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

அதனால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்ன அன்று டெல்பின் கேசரி கிண்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். காலையில் அவர் வந்ததும் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பிறகு அவர் பாயில் படுப்பார். அவள் அதே அறையின் மூலையில் லேப்டாப்பைத் திறப்பாள். அவர் தூக்கம் கெடக்கூடாதென்று போனில் கிசுகிசுவென்றுதான் பேசுவாள். விசில் வருமே என்று குக்கரை ஒதுக்கிவிட்டுச் சோற்றை வடிப்பாள். சட்னி அரைக்க என் மிக்ஸிக்கு இறங்கி வருவாள். மாடியில் ஆள் இருப்பதே தெரியாது. எட்டு மாதம் இப்படியே போனது.

ஒரு புதன்கிழமை சட்னி அரைக்க வந்தவள் அழுதுவிட்டாள். அவள் பேசுவது காதிலேயே விழவில்லை என்று வாடிக்கையாளர்கள் புகார் சொல்லியிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை மீட்டிங்கிலும் இப்படியே பேசினால் திங்கள் முதல் ஆபீசுக்கு வந்துவிடு என்று மேனேஜர் பிரதாப் சொல்லிவிட்டாராம்.

"மறுபடியும் அவரு எனக்கு ஞாயித்துக்கெழம புருசனா ஆயிருவாருக்கா," என்றாள்.

அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டுப் போனாள். என் வாய் சும்மா இருக்குமா? மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்த எபினேசரைப் படிக்கட்டிலேயே நிறுத்தினேன். உங்கள் தூக்கத்தைக் காப்பாற்றப்போய் அவள் வேலையைக் கெடுத்துக்கொண்டு நிற்கிறாள், இதெல்லாம் உங்கள் கண்ணில் படாதா என்று பொரிந்து தள்ளினேன். பாவம், டிபன் பாக்ஸைப் பிடித்தபடி நின்று கேட்டார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"நான் எங்க தூங்கினேன்க்கா? பன்னண்டு வருசமா பிரஸ் சத்தத்துலயே கெடக்கறவன். சத்தம் நின்னா லைன் நின்னுபோச்சுன்னு அர்த்தம், ஓடிப்போய் பாக்கணும். அவ ஆபீசு போறப்பல்லாம் டிவிய அலற வுட்டுட்டுத்தான் தூங்குவேன். வூடு இப்டி கம்முனு இருந்தா பொசுக்குனு முழிப்பு வந்துருது. தெரிஞ்சா அவ மனசு கஷ்டப்படும்னு கண்ண மூடிக்கிட்டு படுத்திருக்கறேன்."

எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. இதை என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம், மேலே போய் அவளிடம் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தேன். அன்று மதியம் மாடியில் குக்கர் மூன்று விசில் விட்டது.

வெள்ளிக்கிழமை டெல்பின் மீட்டிங்கில் பேசியது கீழே என் அடுப்படி வரை கேட்டது. வாடிக்கையாளர்கள் பேசி முடித்துப் போனதும், இன்றைக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது, நீ வீட்டிலிருந்தே வேலையைப் பார் என்றாராம் பிரதாப். ஆனால் உன் பக்கத்தில் என்னவோ கரகரவென்று சத்தம் வருகிறதே, அது என்ன என்றும் கேட்டிருக்கிறார்.

முன்பென்றால் பதறிப்போய் மைக்கை அணைத்திருப்பாள். அன்று அணைக்கவில்லை. பாயில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் பதில் சொன்னாளாம்.

"எங்க வூட்டுக்காரரு சார். எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் தூங்கறாரு."