சரிவில் உருண்ட இரண்டு பாட்டில்கள்

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் நடத்துகிறேன். கணவர் அங்கேயே கணிதம். ஒரே வண்டியில் போய் வருவதால் சண்டைக்கு நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிறு காலை, தோசைக்கு நடுவே ஆரம்பித்தார். "உங்க பாடமும் எங்க கணக்கு மாதிரிதான். நாலு விஷயத்தை நிரூபிக்காம ஒத்துக்கிட்டா, மிச்சமெல்லாம் உக்காந்த இடத்துலயே வந்துடும்."

"வராது. செஞ்சு பாக்கணும்."

ஃப்ரீசரில் ஒரு பாட்டில் தண்ணீர் உறைந்து கிடந்தது. அதே மாதிரி இன்னொன்றில் தண்ணீர் நிரப்பி, சரிவில் உருட்டினால் எது முந்தும் என்று கேட்டேன். செய்தித்தாள் ஓரத்தில் கணக்குப் போட்டார். "எடை அடிபட்டுப் போயிடும். ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்."

திருமுல்லைவாயிலில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு சரிவு இறங்கும். உருட்டினோம். தண்ணீர் வெகுவாக முந்தியது.

"உள்ள தண்ணி சுத்தாது, பாட்டில் மட்டும்தான் சுத்தும். ஐஸ் மொத்தமா சுத்தணும்," என்றேன்.

"அதைச் சேர்க்க மறந்துட்டேன். அடிப்படை தப்பில்ல."

"மறந்ததை யாரு சொன்னா? பாட்டில்தானே?"

அதோடு விட்டிருக்கலாம். மறுபடி உருட்டினேன். தண்ணீர் பாட்டில் கல்லில் இடறிச் சுவரோரம் நின்றுவிட்டது. ஐஸ் நிதானமாக இறங்கி, குடியிருப்புச் சங்கச் செயலாளரின் காருக்கு அடியில் நுழைந்தது.

"ஐஸு கெலிச்சிச்சு!" என்றார் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காவலாளி.

"இது செல்லாது. கல்லு இருந்துச்சு."

கணவர் முகம் மலர்ந்தது. "கண்ணால பாத்தது செல்லாதா? அப்ப எது செல்லும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் பாக்கற!"

அவர் பாட்டிலை எடுக்கக் காருக்கு அடியில் படுத்தபோது செயலாளர் வந்துவிட்டார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"சார், என் வண்டிக்கு அடியில இன்னா பண்றீங்க?"

கணவர் படுத்தபடியே விளக்கினார்.

"தண்ணி முந்துமா? சான்ஸே இல்ல. எங்க, உருட்டுங்க."

நான் கல்லைப் பொறுக்கி எறிந்தேன். "ஆதாரத்தை மாத்தறா சார்!" என்று கணவர் கத்தினார். தண்ணீர் ஜெயித்தது. செயலாளர் நம்பவில்லை. "இன்னொரு தபா," "இன்னொரு தபா" என்று வெயில் ஏறும்வரை விடவில்லை. கடைசியில் ஐஸ் முழுக்கக் கரைந்து, இரண்டு பாட்டிலும் சேர்ந்தே வந்தன.

"பாத்தீங்களா, நான் சொன்னதுதான்," என்றார் கணவர்.

செயலாளர் அவருக்குக் கை கொடுத்தார்.