நிறுவனர் நாளின் முதல் நாற்காலி

என் மகளின் முனைவர் பட்டப் பதிவு அன்று மாலை ஐந்து மணியோடு காலாவதியாக இருந்தது. நெறியாளர் இறந்துபோனதில் ஒரு வருடம் வீணாகிவிட்டதால், ஆறு மாத நீட்டிப்பு கேட்டிருந்தோம். மனு, நினைவூட்டல், மேல்முறையீடு எல்லாம் நானே எழுதினேன். ஓய்வுபெறும்வரை அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் பிறர் மனுக்களைக் கிடப்பில் போட்டவன் நான். எங்கள் மனு எந்த மேசையில் கிடக்கிறது என்பதுகூடத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

கடைசியில் எல்லோரும் போகிற இடத்துக்கே நானும் போனேன். பல்கலைக்கழகத்துக்கு நிலம் கொடுத்த இரண்டு குடும்பங்களில் ஒன்றின் பனியன் கம்பெனி அது. ஆட்சிக்குழுவில் இரு குடும்பத்துக்கும் ஆளுக்கொரு இடம் உண்டு. முதலாளி என்னை மூன்று மணிவரை காக்கவைத்துவிட்டுச் சாவகாசமாகக் கேட்டார்.

"எங்கப்பாவை ரெண்டாவது நாற்காலில உக்கார வெச்சது நீங்கதானுங்களே?"

நிறுவனர் நாள் மேடையில், நிலம் கொடுத்த வரிசைப்படி நாற்காலி, மாலை. முதல் நாற்காலி வெகுகாலம் இவர்களுடையதாகத்தான் இருந்தது. ஒரு வருடம் நான் வேலைமெனக்கெட்டுப் பத்திரங்களைப் பிரித்துப் பார்த்து, இவர்களுடையது பதினோரு நாள் பிந்தியது என்று குறிப்பு எழுதினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"பத்திரத்துல அப்படித்தானுங்க இருந்துச்சு," என்றேன்.

"இருக்கட்டுங்க. அப்பா அதுக்கப்புறம் அந்த மேடை ஏறவே இல்லீங்க. அப்படியே போய்ச் சேர்ந்துட்டாரு." வெள்ளைத்தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். "அந்தக் குறிப்பு தப்புன்னு எழுதிக் குடுங்க. தேதி மட்டும் நீங்க வேலைல இருந்தப்ப போட்ருங்க. பாப்பா விசயம் ஒரு போனுங்க."

கடிதம் ஒன்றில் முன்தேதி போட்டதற்காக எழுத்தர் ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்யப் பரிந்துரைத்தவன் நான். விதி எண்கூட நினைவுக்கு வந்தது. எழுதினேன். பழைய பதவிப் பெயரையும் போட்டேன். குறை சொல்ல முடியாத வரைவு.

அவர் இரண்டு முறை படித்து, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு போனை எடுத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"பதிவாளர் எடுக்க மாட்டேங்கறாருங்க. வெள்ளிக்கிழமையில்ல, கிளம்பியிருப்பாரு. திங்கக்கிழமை பேசிக்கலாங்க."

"இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுதுங்க."

"நீங்க இன்னும் ஆபீசுலயே இருக்கறீங்க," என்று சிரித்தார்.

காலாவதியான பதிவுக்கு மறுபடி உயிர் கொடுக்க ஆட்சிக்குழுவின் ஒருமனதான தீர்மானம் வேண்டும். இந்தக் கடிதத்தால் முதல் நாற்காலியை இழக்கப்போகும் குடும்பமும் அதற்குக் கை தூக்க வேண்டும். கடிதத்தைத் திருப்பிக் கேட்க வாயெடுத்தேன். கேட்டால் திங்கட்கிழமையும் இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.