கல்யாணப் பத்திரிகைக்குள் வந்த குதிரை

சுக்கு வாசனை மூக்கில் ஏறினால் இப்போதும் என் கை முதலில் தேடுவது போனைத்தான். மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் மூட்டைமூட்டையாய் மணக்கும் சந்தில் இருக்கிறது அந்த போன் ரிப்பேர் கடை. ஒரு காலை முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

வினை வந்தது கல்யாணப் பத்திரிகையாக. தூரத்துச் சொந்தக்காரர் எண்ணிலிருந்து, வாட்ஸ்அப்பில். தொட்டேன். தெரியாத செயலி, நிறுவலாமா என்று போன் கேட்டது. வந்த பத்திரிகையைப் பிரிக்காமல் வைத்தால் எங்கள் சொந்தத்தில் அது பகை. சம்மதம் என்று அழுத்தினேன். ஒன்றும் திறக்கவில்லை. சற்று நேரத்தில் திருப்பூணித்துறையிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள்.

"ஏன் அண்ணி, அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்கும் போன்லதானா பத்திரிகை?"

என் பெயரில் எல்லாருக்கும் போயிருக்கிறது! "ஐயோ, அதைத் தொடாதே!"

"தொட்டாத்தானே! நேர்ல வந்து கூப்பிடாம எவ தொடுவா?"

அவளுடைய கோபம் அவளைக் காப்பாற்றியது.

கடைக்காரர், இங்கேயே வேரோடி, பேச்சில் மலையாளமும் கலந்துவிட்ட தமிழர், முதலில் சிம்மைக் கழற்றினார். "ட்ரோஜனாக்கும் அக்கா. மொத்தமா அழிச்சாத்தான் போகும்."

அழிப்பதா? வெலிங்டன் தீவுக்கு வேலைக்குப் போகும் படகில் நான் முணுமுணுத்துப் பதிந்த கவிதை வரிகளெல்லாம் அதற்குள்தான். தாளில் ஒன்றுகூட இல்லை.

"சவுண்டை மட்டும் வெளிய எடுத்துப் பார்க்கறேன். ஒறப்பு சொல்ல மாட்டேன்."

காத்திருக்கையில் என் வாய் சும்மா இருக்குமா? ட்ரோஜன் என்ற பெயரின் கதையைச் சொன்னேன். ட்ராய் நகரை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத கிரேக்கர்கள், பெரிய மரக்குதிரை ஒன்றைக் கோட்டைக்கு வெளியே விட்டுவிட்டுத் திரும்பிப்போவதுபோல் நடித்தார்கள். காணிக்கை என்று நம்பி ஊராரே அதை உள்ளே இழுத்தார்கள். இருட்டியதும் குதிரையின் வயிற்றிலிருந்து வீரர்கள் இறங்கி, வெளியே நின்ற படைக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். நல்லதுபோல் வேடமிட்டு, நம் கையாலேயே உள்ளே நுழையும் கள்ள நிரலுக்கு அதனால்தான் ட்ரோஜன் என்று பெயர்.

"ட்ரோஜன்னா ட்ராய்க்காரன் இல்லே? ஒளிஞ்சிருந்தவன் கிரேக்கன். ஏமாந்தவன் பேரையா வச்சாங்க?" என்றார் கடைக்காரர்.

"குதிரையோட முழுப்பேரு ட்ரோஜன் குதிரை. சொல்லிச் சொல்லிக் குதிரை உதிர்ந்துபோச்சு."

"பாவம், ஊரும் போச்சு, பேரும் கெட்டுச்சு."

திடீரென்று அவருடைய கணினியில் என் குரல். படகு இரைச்சலுக்கு மேலே, மூச்சு வாங்க, நானேதான். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். எல்லாம் இருந்தன. தோள்கள் தாமாக இறங்கின. காலையிலிருந்து ஒரு சாயாகூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

போனைச் சுத்தமாக அழித்து, பதிவுகளைப் பென்டிரைவில் போட்டுத் தந்தார். படியிறங்கும்போது கூப்பிட்டார்.

"அக்கா, அது பாட்டா பேச்சாண்ணு எனக்கு மனசிலாகல. ஆனா கொள்ளாம், நல்லாருக்கு. வீட்டுக்குப் போனதும் பேப்பர்ல எழுதி வைங்க."

"இன்னைக்கே எழுதறேன்."