தொண்ணூற்றேழாம் பக்கம்

அமுதம் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்லள். பாகூரை அடுத்த அந்தச் சிற்றூரின் வாசகசாலையில் பதினெட்டு ஆண்டுகளாகப் பொறுப்பாளராக இருக்கிறாள். திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்த பிறகே அலமாரியில் வைப்பாள். சர்க்கரை ஆலை வேலைக்குப் போய்வரும் கணவன் கண்ணையன் சாப்பாட்டைத் தின்றானா, யாருக்காவது கொடுத்தானா என்பதைக்கூட டிபன் பாக்ஸின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பருக்கையை வைத்தே தீர்மானிப்பாள்.

அப்படிப்பட்டவள் எந்தச் சோதனையும் இல்லாமல் நம்பியது ஒன்றே ஒன்று. வாசகசாலை பீரோவின் கீழ்த்தட்டில் 'இரத்தினரேகை' என்றொரு நாவல் பூட்டிக் கிடந்தது. நூறாண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் அச்சான காதல் கதை. ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஒரு ஸ்திரீ' என்று மட்டும் இருந்தது. வெளிவந்த காலத்திலேயே பெரிய கூச்சலைக் கிளப்பிய புத்தகமாம். வேலைக்குச் சேர்ந்த அன்று வாசகசாலைத் தலைவர் உலகநாதன் சாவியைக் கொடுத்து, "அத்த மட்டும் யாருக்கும் குடுக்காதம்மா. நான் படிச்சவன். கடைசில அந்த ஜமீன்தாரிணி தாலியக் கழட்டிக் கடல்ல வீசிட்டு, ஒரு பையனோட படகுல ஓடிப்போறா" என்றார். கேட்டு வந்தவர்களிடமெல்லாம் அந்தப் படகைச் சொல்லித்தான் அமுதம் திருப்பியனுப்பினாள்.

கடந்த திங்கட்கிழமை அந்தப் புத்தகம் வெளியே போனது. கேட்டவள் உலகநாதனின் மகள் அர்ச்சனா, தமிழ் எம்.ஏ. படிக்கிறாள். மூன்று முறை மறுத்த அமுதம், பேராசிரியரின் கடிதத்தோடு அவள் நான்காம் முறை வந்தபோது கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாள். கடிதத்தின் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் தவறவில்லை.

வியாழக்கிழமை காலையில், ஒரு கையில் புத்தகமும் மறு கையில் மகளுமாக உலகநாதன் வந்து நின்றார்.

"இன்னா அமுதம், ஒன்ன நம்பித்தான சாவியக் குடுத்தேன்? என் வூட்டுக்கே அனுப்பிட்டியே! இவ காலேஜுக்குப் போனது போதும், இன்னியோட நிறுத்தியாச்சு. புகார் நோட்ட எடு. ஒம் மேலயும் எழுதறேன்."

"அப்பா, இன்னும் ஒரு செமஸ்டர்தாம்பா..."

"வாய மூடுடி!"

அமுதம் புத்தகத்தை வாங்கி முகர்ந்தாள். ஓரங்களை விரலால் தடவினாள். பழுப்பேறிய தாள்களின் விளிம்பில் வெள்ளை வெளேரென்று புதிய வெட்டு.

"யாரு இதுல பிளேடு போட்டது?"

"நான்தாங்கா. ஸ்கேல் வெச்சுப் பிரிச்சேன். அந்தக் காலத்துல பிரெஞ்சு முறைப்படி தாள மடிச்சு அப்படியே தச்சு வித்துடுவாங்களாம், படிக்கிறவங்கதான் மடிப்ப அறுத்துக்கணுமாம். எங்க சார் சொன்னாரு."

அமுதத்துக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். வெட்டு தொண்ணூற்றாறாம் பக்கத்தோடு நின்றிருந்தது. அதற்குமேல் தாள்கள் மேல்விளிம்பிலும் பக்க விளிம்பிலும் ஒட்டிப்பிறந்தவைபோல மடிப்போடு கிடந்தன. வெட்டிய மடிப்புகளில் பழைய வெட்டு ஒன்றுகூட இல்லை. பின்னட்டையில், புத்தகம் எடுத்தவர்கள் பெயரெழுதும் சீட்டைப் பார்த்தாள். அர்ச்சனாவுக்கு முன் ஒரே ஒரு பெயர்: உலகநாதன், 1983.

அவளுடைய சந்தேகம் மெல்ல மகளை விட்டுத் தந்தையின் பக்கம் திரும்பியது.

புகார் நோட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள். "எழுதுங்க ஐயா. பக்க எண்ணுன்னு ஒரு கட்டம் இருக்குது பாருங்க, அத மட்டும் விட்டுடாதீங்க. அந்தப் படகு எந்தப் பக்கத்துல வருது?"

"கடைசிலதான்."

"எடுத்துக் காட்டுங்க, குறிச்சுக்கறேன்."

உலகநாதன் கடைசி அத்தியாயத்தைத் திறக்கப் பார்த்தார். தாள் திறக்கவில்லை. கட்டைவிரலை எச்சில் தொட்டு மீண்டும் முயன்றார். மடிப்பு மடிப்பாகவே இருந்தது. அர்ச்சனா தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பவும் இப்படித்தாம்மா ஒட்டிக்கினு இருந்துச்சு" என்றார் கடைசியில், குரல் இறங்கி. "பிரிச்சா கிழிஞ்சுடுமோன்னு ரெண்டே நாள்ல திருப்பிக் குடுத்துட்டேன். டீக்கடையில எல்லாரும் இன்னாடா இருக்குது அதுலன்னு கேட்டானுங்க. படிக்கலன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப அந்தப் படகு?"

"யாரோ சொன்னதுதான்."

அமுதம் ஸ்கேலை எடுத்து அர்ச்சனாவிடம் நீட்டினாள். கடைசி மடிப்பை அறுத்து அர்ச்சனா படித்தாள். படகு இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதில் ஏறிப் போனவன் அந்த இளைஞன் மட்டுமே. அவனை வழியனுப்பிவிட்டு ஜமீன்தாரிணி இரத்தினரேகை வீடு திரும்பினாள். தன் பங்கு நிலத்தைச் சகோதரர்களிடமிருந்து பிரித்து வாங்கி, தானே நின்று பயிரிடலானாள்.

இரண்டு மகன்களின் பேரில் மட்டும் கரும்புக் கொல்லை முழுவதையும் எழுதிவைத்திருந்த உலகநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு அவ ஓடியே போயிருக்கலாம்" என்றார்.

அர்ச்சனா சிரிப்பை அடக்கப் புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள். அமுதம் சிரிக்கவில்லை, பேனாவின் மூடியைத் திறந்தாள். "நடந்தத நடந்தபடியே எழுதிக்கட்டுங்களா ஐயா? நோட்டு கமிட்டி வரைக்கும் போகும், டீக்கடைக்காரரும் அதுல ஒரு மெம்பரு."

"வாணாம்மா, மூடு அத்த." மகளைப் பாராமலே சொன்னார்: "காலைல ஏழரை பஸ்ஸுக்குக் கெளம்பு. காலேஜுக்குப் போறவ நேராப் போயிட்டு நேரா வா."

அவர்கள் போனதும் அமுதம் கடைசிப் பக்கத்தைத் தானே ஒருமுறை படித்தாள். பெண் சாமர்த்தியக்காரி, இரண்டு வரியைச் சொந்தமாகச் சேர்த்துப் படித்திருப்பாளோ என்ற ஐயம்தான் காரணம். சேர்க்கவில்லை. அச்சில் அப்படியேதான் இருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை பேரை அந்தப் படகைச் சொல்லித் திருப்பியனுப்பியிருப்பாள் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். பிறகு சீட்டில் அர்ச்சனாவின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கே அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். உலகநாதனின் வாக்கை நேரில் சரிபார்க்காமல் ஏற்க அவளுக்கு மனம் வரவில்லை. அர்ச்சனா பையோடு வந்து, படியில் ஏறிய பின் திரும்பிக் கேட்டாள்:

"அக்கா, மீதிய எப்போ குடுப்பீங்க?"

"நான் முழுசாப் படிச்சுப் பார்த்த பிற்பாடு" என்றாள் அமுதம். "அதுல இன்னும் இன்னா இன்னா இருக்குதோ!"