பவுண்டில் அடைபட்ட ஆடு

போன வாரம் அரூரில், எங்கள் உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. கோயமுத்தூர் இளைஞர் ஒருவர். பழைய வீடியோ கேம் பெட்டிகளைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறவராம். கடைக்கு வராமலே போன விளையாட்டுகள், அவற்றை எழுதிவிட்டுக் காணாமல் போன ஆட்கள், இதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. என்னைப் பற்றிப் பழைய கம்பெனி ஆள் யாரோ சொல்லியிருக்கிறார்.

"மேடம், ஓசூர் பழைய சாமான் கடையில ஒரு கேம் போர்டு கெடச்சுது. சிப்பு மேல மெரூன் கலர்ல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கு. அது உங்க பொட்டுங்களா?"

இப்படி ஒரு கேள்வியை என் வீட்டுக்காரர்கூட என்னிடம் கேட்டதில்லை. ஆமாம், என் பொட்டுதான்.

அந்தச் சிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கும். புற ஊதா விளக்கில் வைத்தால் அதில் எழுதிய விளையாட்டெல்லாம் அழிந்துவிடும். வெயில் பட்டாலும் நாளடைவில் அழியும். அதனால் எழுதி முடித்ததும் சன்னலை மூடி எதையாவது ஒட்டிவிட வேண்டும். லேபிள் கேட்டால் கம்பெனி ஸ்டோர்காரர் மேனேஜர் கையெழுத்து கேட்பார். "உன் நெத்தில இருக்கறதக் குடுடி" என்பாள் கூட வேலை பார்த்த மெஹருன்னிசா. சாயங்காலம் நான் வெறும் நெற்றியோடு விடுதிக்குப் போவேன். வார்டனம்மா ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

எண்பதுகளில் ஓசூர் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. டிவியோடு சேர்த்து ஆடும் கேம் பெட்டி செய்கிறேன் என்று அங்கே ஒரு சின்னக் கம்பெனி கிளம்பியது. விளையாட்டு எழுத இரண்டே பேர். பாப்பிரெட்டிப்பட்டி விவசாயி மகள் நான். தர்மபுரியில் இரும்புக்கடை வைத்திருந்தவர் மகள் மெஹரு. சால்டரிங் புகை தலைமுடியெல்லாம் ஏறியிருக்கும், சன்னலே இல்லாத ஓர் அறை. யாராவது வந்து ரகசியத்தைக் கொண்டுபோய்விடுவார்களாம், வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். தாகமெடுத்தாலும் கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும். சேரும்போதே எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி மேனேஜர் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். வேலையை விட மாட்டோம் என்று எழுதிக்கொடுத்த பாண்டு முடியும்வரை கிடைக்காது. அப்போது பல இடங்களில் அதுதான் வழக்கம். நாங்களும் ஏதோ பரிசளிப்பு விழா போலச் சிரித்துக்கொண்டே கொடுத்தோம்.

ஒரு லீவுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் வெள்ளாடு அடுத்தவர் கொல்லையில் மேய்ந்துவிட்டது. பிடித்துக்கொண்டுபோய் பவுண்டில் அடைத்துவிட்டார்கள். பயிர் மேய்ந்த ஆடுமாடுகளுக்கு அதுதான் ஜெயில், நாலு பக்கமும் சுவர், ஒரே கேட்டு. திரும்பி வந்து இதைச் சொன்னதும் மெஹரு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதையே கேமாக்கிடலாம்டி. வாட்ச்மேன் கண்ணுல படாம ஆடு வெளிய போவணும்."

சிப்பில் இடமோ ரொம்பக் குறைவு. வாட்ச்மேனை நடக்கவிட்டால் ஆட்டுக்குக் கொம்பு வைக்க இடமிருக்காது. கொம்பில்லாத அதை மேனேஜர் கடைசிவரை நாய் என்றே நினைத்தார். நாய்க்கு இத்தனை வாட்ச்மேன் போதாது, இன்னும் சேருங்கள் என்று வாராவாரம் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் தர்மபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மெஹருவுக்குக் கணக்கு டீச்சர் வேலை வந்தது. திங்கட்கிழமை ஒரிஜினலோடு வரச் சொல்லியிருந்தார்கள். வேலைக்குப் போவதென்றால் உள்ளூரில் போ, இல்லையென்றால் வூட்டோடு இரு என்று அவள் அத்தா ஏற்கெனவே சொல்லியிருந்தார். மேனேஜர் பெங்களூர்க்காரர், எதற்கும் ஒரே பதில்தான். "கேம் முடியட்டும்மா. சர்டிபிகேட்டு ஆமேலே, அப்புறம் பாக்கலாம்."

ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. கேட்டைத் திறக்கும் பகுதியைச் சேர்க்கத்தான் இடமில்லை. மெஹரு சொன்னாள்: "மேனேஜரு என்னைக்காவது கேட்டு வரைக்கும் போயிருக்காராடி? மொதல் சுத்துலயே மாட்டிக்குவாரு. கேட்டு தெறக்கவே வேணாம், வுட்டுடு."

சனிக்கிழமை மேனேஜர் ஆடிப் பார்க்க உட்கார்ந்தார். மாட்டினார். மறுபடியும் மாட்டினார். அப்புறம் எங்கள் போதாத காலம், அன்றைக்கென்று பார்த்து அவர் கை நன்றாக ஓடியது. ஆடு வாட்ச்மேன்களைத் தாண்டிக் கேட்டருகே போய்விட்டது. மெஹரு என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. நல்லவேளை, டீ வந்தது. அவர் தம்ளருக்குக் கை நீட்டினார், ஆடு மாட்டிக்கொண்டது. "டஃப்பா இருக்கு, சூப்பர்" என்று எழுந்து பீரோவைத் திறந்து மெஹருவின் சர்டிபிகேட்டை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

பஸ் ஏறும்போது மெஹரு சொன்னாள்: "அந்தக் கேட்ட எழுதிட்டு நீயும் வந்துடுடி."

எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் முதலாளிகளுக்குள் சண்டை வந்து, ஒரு நாள் காலையில் போனால் கம்பெனிக்குப் பெரிய பூட்டு, அதன்மேல் அரக்கு சீல். ஷெட்டுக்குள் அறை, அறைக்குள் பீரோ, பீரோவுக்குள் என் சர்டிபிகேட். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்று அழுதேன். பெங்களூரில் எனக்கு வந்த இன்டர்வியூவில் ஒரிஜினல் எங்கே என்றார்கள். நகல் வாங்கலாமே என்பீர்கள். வாங்கினேன். அலைந்து திரிந்து அது கைக்கு வந்தபோது இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது, உரக்கடைக் கல்லாவும் எனக்கென்று ஆகியிருந்தது.

இப்போது அந்த ஷெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். ஓசூர் எங்கள் மாவட்டத்திலேயே இல்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பவுண்டின் சுவர்கூட மிஞ்சவில்லை. மெஹருவிடமிருந்து சில வருஷம் ரம்ஜானுக்குச் செய்தி வந்தது, பிறகு நின்றுவிட்டது.

"மேடம், கேட்டு வரைக்கும் வந்துட்டேன், தெறக்க மாட்டேங்குது" என்றார் போனில் அந்தக் கோயமுத்தூர்த் தம்பி. "வாட்ச்மேன் புடிச்சா ஆட்டம் முடிஞ்சுடுது. புடிக்கலன்னா முடியவே மாட்டேங்குது. எப்படி வெளிய போறது?"

"ஒரே வழிதாங்க தம்பி. அந்தப் பொட்ட உரிச்சிட்டுச் சிப்ப வெயில்ல வச்சிடுங்க."

அவர் சிரித்தார். "கவலைப்படாதீங்க மேடம், கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்துட்டேன். இனிமே அது அழியவே அழியாது."