வெஸ்ட்கப்பெல்லே: கோவிலை இழந்த கோபுரம்

2003 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. காலை ஆறரைக்கு ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து புறப்பட்டோம். கார் ஓட்டியது நான். பக்கத்தில் ஜெசிந்தா அக்கா. மன்னார்க்காரி, என்னோடு ஒரே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவர். ஒல்லாந்துக் கடற்கரைக் கிராமமான வெஸ்ட்கப்பெல்லே ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீற்றர். வேலையிடத்து நாட்காட்டியில் அதன் தேவாலயக் கோபுரத்தைக் கண்ட நாளிலிருந்து, "அந்தக் கடற்கரைக் கோயிலுக்கு ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை" என்று அக்கா என்னை விடவில்லை.

காரணம் அவருடைய தம்பி; கடலோரக் கோயிலில் அவருக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும். 1990இல் போருக்குத் தப்பி மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறியவர் கரை சேரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவருக்காக அக்கா ஒப்புக்கொடுக்கும் பூசைகள் எல்லாம் உயிரோடிருப்பவருக்கானவைதான். அந்த வாரம், பிள்ளைகளோடு மன்னாரிலேயே இருக்கும் தம்பியின் மனைவி தொலைபேசியில் கேட்டுவிட்டார்: "மச்சாள், இந்த நவம்பரில எண்டாலும் செத்தவைக்கு வைக்கிற பூசையில இவரின்ர பேரைக் குடுக்கட்டோ?" மூத்தவர் சம்மதிக்காமல் அங்கே ஒன்றும் நடக்காது. அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஐந்தோவன், மிடில்பர்க் தாண்டிப் பத்து மணிக்கு ஊர். வாகனத் தரிப்பிடத்தில் பாதிக்கு மேல் ஜெர்மன் இலக்கத்தகடுகள். எங்கள் ஜெர்மன்காரர் இந்தக் கடலைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள் போலும். அக்கா தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, மெழுகுதிரிப் பெட்டியோடு கோபுரத்துக்குள் நுழைந்தார். உள்ளே பீடமும் இல்லை, சுரூபமும் இல்லை. ஒரு படிக்கட்டும் நுழைவுச்சீட்டு மேசையும்தான்.

மேசையிலிருந்த முதியவர் ஜெர்மன் மொழியில் விளக்கினார். கோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எரிந்துபோனது, கோபுரம் தப்பியது. உச்சியில் கப்பல்களுக்கான விளக்கு இருந்ததால் அதை மட்டும் காப்பாற்றி வைத்தார்கள்.

"கோயில் இல்லாமல் கோபுரம் என்னத்துக்கு?" என்று அக்கா என்னிடம் சீறினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

முதியவருக்கும் பாவமாகப் போயிருக்க வேண்டும். மதியம் வேலை முடிந்ததும் எங்களைக் கடல் அணைக்கு அழைத்துப் போனார். 1944 அக்டோபரில், ஊரைப் பிடித்திருந்த ஜெர்மன் படையை விரட்ட, பிரித்தானிய விமானங்கள் இந்த அணையைக் குண்டுபோட்டு உடைத்தன. கடல் ஊருக்குள் புகுந்தது. அடுத்த மாதம் மீட்புப் படையினரும் அந்த உடைப்பு வழியாகத்தான் வந்தார்கள். அவர்களுடைய டாங்கி ஒன்று இன்றும் நினைவுச்சின்னமாக அணைமேல் நிற்கிறது. மீட்க வந்தவர்களின் குண்டில் ஊர் சாவது இலங்கைத் தமிழரான எங்களுக்கும் புதிதல்ல.

"என் அப்பா அணை வேலைக்காரர். அந்த வெள்ளத்தில் அவரைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை," என்றார் முதியவர். "அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல அம்மா எங்களை விடவில்லை. நாங்கள் ஐந்து பிள்ளைகள். வீட்டில் ஒருவரும் அழக்கூடாது. நான் மாட்டுக் கொட்டிலுக்குள் போய் அழுவேன்."

"எவ்வளவு காலம்?" என்று அக்கா ஜெர்மனில் கேட்டார்.

"அம்மா சாகும்வரை."

பிறகு பொரித்த மீன் வாங்கினேன், ஒரு பெட்டி நான்கு யூரோ. அக்கா தொடவில்லை. கடலைப் பார்த்தபடி அணைக் கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மன்னாரின் பேசாலைக் கடலும் இந்தக் கடலும் நிறத்தில்கூட ஒன்றல்ல. ஆனாலும் அவர் எந்தக் கடலைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

நான்கு மணிக்குக் காரைக் கிளப்பப் போனேன். அக்கா என் கைத்தொலைபேசியை வாங்கி மன்னாருக்கு அழைப்பு எடுத்தார்.

"மச்சாள், ஓம், பேரைக் குடு. பிள்ளையளையும் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போ. அதுகளை அழ விடு."

தொலைபேசியைத் திருப்பித் தந்தார். எசன் வரும்வரை அக்காவும் அழுதார்.