அப்படியே சாப்பிடலாம்

என் கணவரின் அடிவயிற்றில் வலது பக்கமாக இருப்பது என்னுடைய சிறுநீரகம். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வெள்ளரிக்காய்க்காக எங்கள் வீட்டில் ஏன் இத்தனை சண்டை நடந்தது என்று புரிய வேண்டுமானால் இதை முதலில் சொல்லித்தான் ஆக வேண்டும். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிறேன் என்பார் அவர். ஆமாம், சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன். கண்டதைத் தின்று அவர் அதைக் கெடுத்துக்கொண்டால் கொடுப்பதற்கு என்னிடம் இன்னொன்று இல்லை. மிச்சமிருக்கும் ஒன்று எனக்கே வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "உங்க உடம்பு இந்தக் கிட்னியை வேத்தாளா நினைச்சுத் தள்ளிடக் கூடாதுன்னுதான் இந்த மாத்திரைங்க. ஆனா இது எதிர்ப்புச் சக்தியையும் சேத்துக் குறைச்சிடும். மத்தவங்களுக்கு ஒருநாள் வயித்தாலே போயி சரியாகிற விஷயம், உங்களை இங்க கொண்டாந்து படுக்க வெச்சிடும். சமைச்சதையே சாப்பிடுங்க. கொஞ்ச நாள் போனப்புறம் பச்சைக் காய் வேணும்னா வீட்டிலேயே நல்லாக் கழுவி, தோல் சீவி, அப்பவே நறுக்கி அப்பவே சாப்பிடணும். கடையில நறுக்கி வெச்சது வேண்டாம்."

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் காதில் விழுந்ததென்னவோ "பச்சைக் காய் வேணும்னா" என்பது மட்டும்தான். வெள்ளரிக்காய் என்றால் அவருக்கு உயிர். சாப்பாட்டில் ஆறு குறை சொல்லும் மனிதர் வெள்ளரிக்காயில் ஒரு குறையும் சொல்ல மாட்டார்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தஞ்சாவூரிலிருந்து ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் மணியடிப்பதற்குள் பள்ளிக்குப் போய்ச்சேர முடியும். அதற்காக ஐந்து மணிக்கு எழுவேன். அவருடைய பச்சைக் காய்க்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை. கத்தியை வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும். வெள்ளரிக்காயைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசி, இரண்டு முனையையும் வெட்டி எறிந்து, தோல் சீவி, நறுக்கிய கையோடு அவர் முன்னால் வைக்க வேண்டும். அவரோ பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு "வர்றேன், வர்றேன்" என்பார். அப்பவே நறுக்கியது பத்து நிமிடம் காத்திருக்கும். பிறகு வந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு இன்னுங் கொஞ்சம் தூவியிருக்கலாம்" என்பார். உப்பு அவருக்கு ஆகாது என்பதையும் டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் காலையில் வீடியோவில் கூப்பிட்டவள் நான் வேர்த்து வழிந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு ஒரு கிட்னின்னா உனக்கும் ஒண்ணுதான். காலங்காத்தால ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே இருக்க. நீ விழுந்தா யாரு பாக்கறது? நான் ஒரு ஏற்பாடு பண்றேன்."

அவள் ஏற்பாடு அடுத்த வாரமே வாசலில் வந்து இறங்கியது. கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே சீவிய முட்டைக்கோஸ், கேரட், வட்ட வட்டமாக வெள்ளரிக்காய், முளைகட்டிய பயறு, அழகுக்கு இரண்டு புதினா இலை. மூடிமேல் பச்சை எழுத்தில், 'மூன்று முறை கழுவியது. அப்படியே சாப்பிடலாம்.'

அப்படியே என்றால் எப்படி? எந்த ஊரில் நறுக்கினார்கள், நம் ஊர் வெயிலில் வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, நறுக்கியவர் கையைக் கழுவினாரா, ஒன்றும் மூடியில் இல்லை. மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. கோஸின் ஓரம் லேசாகப் பழுப்பு. முதல் பெட்டியை அப்படியே வாணலியில் கொட்டி, கடுகு தாளித்து, நன்றாக வேகவிட்டுப் பொரியலாக்கி வைத்தேன். வெள்ளரிக்காய்ப் பொரியலை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தது.

மகளை வீடியோவில் கூப்பிட்டு இனிமேல் அனுப்பாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"உனக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாதும்மா. சரி, உனக்குப் பின்னாடி மேடையில இருக்கே, அது என்ன பாக்கெட்?"

அது கடையில் வாங்கிய உரித்த சின்ன வெங்காயம். பிடிபட்டுவிட்டேன். கால் கிலோ சின்ன வெங்காயத்தை உரித்துவிட்டுப் பஸ் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் நிலைமை தெரியும். "அது சாம்பார்ல வேகத்தான்டி போவுது" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் ஒரு பக்கம் என்றால், என் கணவரின் அண்ணன் இன்னொரு பக்கம். அம்மாபேட்டைப் பக்கம் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மொபெட்டில் பை நிறையக் காயோடு வந்துவிடுவார். வாழைத்தண்டு கட்டாயம் இருக்கும். சிறுநீரகம் என்ற சொல்லைக் கேட்டாலே இந்த ஜில்லாவில் எல்லோரும் வாழைத்தண்டோடு கிளம்பிவிடுகிறார்கள். வரப்போரத்தில் அவரே போட்ட வெள்ளரியும் கீரையும்கூட இருக்கும். கல்லணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த புதிதில் அப்படித்தான் ஒரு பை கொண்டுவந்து வைத்தார். கீரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம வயக்காய்ம்மா. மருந்தே அடிக்கல. வர்ற வழியிலயே வாய்க்கால்ல நல்லா அலசிட்டேன். புதுத் தண்ணி. நீ கழுவவே வேணாம், அப்படியே நறுக்கிக் குடு."

அந்தப் புதுத் தண்ணீரின் லட்சணம் எனக்குத் தெரியாதா? தினமும் பஸ்ஸில் அந்த வாய்க்காலை ஒட்டித்தான் போகிறேன். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த வாய்க்காலில் ஊரே குப்பை கொட்டியிருக்கும். கோழிக்கடைக் கழிவு, சாக்கடை, பிளாஸ்டிக் பை என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு நுரை நுரையாக வருவதுதான் அந்தத் தண்ணீர்.

"அத்தான், அலசாம மண்ணோட கொண்டாந்திருந்தாலே நல்லா இருந்திருக்கும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "காவேரித் தண்ணிம்மா அது."

"காவேரியா இருந்தா என்ன, கிருமிக்கு அது தெரியுமா?" என்று ஆரம்பித்து, வகுப்பில் பாடம் எடுப்பதுபோல ஒரு கால் மணி நேரம் எடுத்தேன். படிக்காத மனிதர் இல்லை அவர். ஆனாலும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

ஏனென்றால் அடுத்து வந்தது ஆடிப் பதினெட்டு. டயாலிசிஸ், ஆபரேஷன் என்று மூன்று ஆடி நான் ஆற்றங்கரைக்கே போகவில்லை. அந்த வருடம் போயே தீருவது என்று முடிவு செய்தேன். பச்சரிசியைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில்தான் ஊறவைத்தேன். அந்த அளவுக்குக் கவனம். வெல்லமும் எள்ளும் தேங்காய்ப் பல்லும் கலந்து காப்பரிசியைத் தூக்கில் எடுத்துக்கொண்டு திருவையாற்றுக்குப் போனேன்.

படித்துறையில் நிற்க இடமில்லை. ஆறு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. இலை விரித்து, விளக்கேற்றி, கருகமணி காதோலை வைத்து, தாலியில் புது மஞ்சள் சரடு மாற்றிக்கொண்டேன். இவர் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவருக்கும் உள்ளே இருப்பது கடைசிவரை ஓட வேண்டும் என்று கும்பிட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆற்றில் இறங்கி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினேன். காப்பரிசிமேல் மூன்று முறை நன்றாகத் தெளித்தேன். பழுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குத் தண்ணீராகவே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் முன்னால் தூக்கைத் திறந்தேன். வாழ்நாளில் சாப்பிடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்காத மனிதர் அன்றைக்குக் கேட்டார்.

"இதை நான் சாப்பிடலாமா?"

"பிரசாதம்ங்க. இதுக்குமா கேள்வி? வாயைத் திறங்க."

இரண்டு கை கொடுத்தேன். என் கையாலேயே ஊட்டினேன்.

மூன்றாம் நாள் மதியம் பள்ளிக்குப் போன் வந்தது. காய்ச்சல், காலையிலிருந்து நிற்காத வயிற்றுப்போக்கு, எழுந்திருக்க முடியவில்லை. ஓடிவந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் ஏறியிருந்தது. அந்த எண் ஏறினால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று அர்த்தம். உடம்பில் தண்ணீர் வற்றிப்போய்விட்டது, கிட்னி அதைத் தாங்குமா என்று இரண்டு நாளில்தான் தெரியும் என்றார்கள்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அவர் வேட்டி அடுக்கிய அலமாரியில், பழைய பேப்பருக்கு அடியில், காலியான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. அதே பச்சை எழுத்து. மகள் அனுப்புவதை நிறுத்தவேயில்லை. நான் பள்ளிக்குப் போன பிறகு வந்து இறங்கும்படி வைத்திருக்கிறார்கள் அப்பாவும் பெண்ணும்.

அங்கேயே நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டேன். "அப்பா ஆசையாக் கேட்டாரும்மா, வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான்" என்று இழுத்தாள். "உங்கப்பாவைக் கொன்னுட்டுத்தான் அடங்குவ நீ" என்றேன். சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் காலையில் அவள் வந்து சேர்ந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தது. அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, "என்னாலதான், என்னாலதான்" என்று அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

டாக்டர் அம்மா வந்தார். "அஞ்சு நாளா என்னென்ன சாப்பிட்டார், ஒண்ணு விடாம சொல்லுங்க. அதை வெச்சுத்தான் என்ன டெஸ்ட், என்ன மருந்துன்னு நான் முடிவு பண்ணணும்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து அவர் சொன்னார். "சாலட் பெட்டி டாக்டர். திருட்டுத்தனமாத் தின்னேன். வேற எதுவும் இல்ல." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவருக்கு ஞாபகம் இருந்தது. எனக்கும்தான். ஆட்டோவில் போகும்போதே காப்பரிசி ஞாபகம் வந்திருந்தது. பெட்டி கையில் கிடைத்ததும் அந்த ஞாபகத்தை அமுக்கிவிட்டேன். பெற்ற பெண்ணை அழவிட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

அப்போதும் எனக்கு அவர்மேல்தான் எரிச்சல் வந்தது. பொய் சொல்லி என்னைக் காப்பாற்றுகிறாராம்! அங்கே காப்பாற்ற வேண்டியது என் மானத்தையா?

"இல்ல டாக்டர்" என்றேன். "ஆடிப் பதினெட்டு அன்னைக்கு நான் காப்பரிசி குடுத்தேன். ஊறவெச்ச பச்சரிசி. ஆத்துத் தண்ணி தெளிச்சது."

"எவ்வளவு சாப்பிட்டார்?"

"ரெண்டு கை. அவர் சாப்பிடலாமான்னு கேட்டாரு. நான்தான் ஊட்டி விட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இன்னொரு டெஸ்ட் எழுதினார், ஒரு மருந்தை மாற்றினார். "எதுலேர்ந்து வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ரெண்டுமே ஆகாதுதான். சொன்னீங்களே, அது நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் அழுகையை நிறுத்தியிருந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"பெட்டியில கழுவினதுன்னாவது போட்டிருந்தாங்கம்மா."

"நேத்து உன்னை அப்படிச் சொன்னது தப்புதான்டி" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் நான் அவள் கையைப் பிடித்தபோது இழுத்துக்கொள்ளவில்லை.

எட்டு நாள் இருந்தோம். கிரியேட்டினின் இறங்கியது. பழைய அளவுக்கு இறங்கவில்லை, கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. "இனிமே இதுதான் உங்க நார்மல்" என்றார் டாக்டர். அந்தக் கொஞ்சத்தை ஒவ்வொரு மாத ரிப்போர்ட்டிலும் நான் பார்க்கிறேன். அதில் பெட்டியின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று இந்தக் கணக்கு டீச்சரால் பிரிக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான் பச்சைக் காய்க்கு மறுபடி அனுமதி கிடைத்தது. அந்த வாரம் அவருடைய அண்ணன் வந்தார். பையில் வெள்ளரிக்காய் மண்ணும் சருகுமாக இருந்தது. "நீ சொன்ன மாதிரியே அலசாமக் கொண்டாந்துட்டேம்மா" என்றார். காப்பரிசி விஷயத்தை அவரிடம் சொல்லி, அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் கேலி இல்லாமல் அப்படிச் சொன்னதும் நான் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். காபி மட்டும் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் குழாயடியில் தேய்த்துக் கழுவி, காய்ச்சிய தண்ணீரில் அலசி, தோல் சீவி, நறுக்கித் தட்டில் வைத்தேன். என்றும் இல்லாத அதிசயமாக அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உடனே வந்தார். ஒரு துண்டைக் கையில் எடுத்தார். வாயில் போடவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"இது பிரசாதமா?"

"இல்லங்க" என்றேன். "கழுவினது."